அந்தமான் 5 இரவு: 5 வயது மகள், 20 மாத மகன், முழங்கால் வலியோடு மாமியார். ஏஜென்ட் திட்டம் சரிவருமா?

பதிவு 1: காவேரிப்பட்டணம்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி கடைசி வாரம் அந்தமான் போகலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். நானும் கணவரும், மாமியார் (63 வயது, முழங்கால் வலி), மகள் (5 வயது), மகன் (அப்போ 20 மாதம் முடிஞ்சிருக்கும்). ஏஜென்ட் அனுப்பிய திட்டம் இது:

நாள் 1: போர்ட் பிளேயர் இறங்கி செல்லுலார் ஜெயில், மாலை ஒலி ஒளிக் காட்சி
நாள் 2: பாராடாங் சுண்ணாம்புக் குகை
நாள் 3: ஹேவ்லாக் தீவு, ராதாநகர் கடற்கரை
நாள் 4: காலை எலிஃபண்ட் பீச், மதியம் நீல் தீவு
நாள் 5: நீல் சுற்றிப் பார்த்து, மாலை போட்டில் போர்ட் பிளேயர்
நாள் 6: விமானம்

பிள்ளைகள் ரெண்டு பேரும் கடலைப் பார்த்ததே இல்லை. கே.ஆர்.பி. அணைதான் அவங்களுக்குத் தெரிஞ்ச பெரிய தண்ணீர். இந்தத் திட்டம் தாங்குமா? பெங்களூரிலிருந்து ஏறலாமா, சென்னையா? மருந்து, சாப்பாடு பற்றியும் சொல்லுங்க.

பதிவு 2: ஓசூர்_பயணி

முதல் வேலையா ரெண்டாம் நாளை அடிச்சிடுங்க சகோதரி. பாராடாங் போக ஒரு வழி மட்டும் சுமார் 100 கி.மீ. ஜாரவா பழங்குடியினர் காட்டுக்குள் வண்டிகளைக் கான்வாயாகத்தான் (காவலோடு ஒரே வரிசையா) விடுவாங்க. ஜிர்காடாங் கேட்டில் முதல் கான்வாயைப் பிடிக்க, அறையை விட்டு விடியற்காலை 3-4 மணிக்கே கிளம்பணும். காட்டுக்குள் வண்டியை நிறுத்த முடியாது. 20 மாதக் குழந்தைக்கு டயபர் மாத்தணும்னாலும் ஓடும் வண்டியிலேயேதான். அதுக்கப்புறம் கடல் கால்வாயைக் கடக்கும் படகு, அலையாத்திக் காட்டு வழியா ஸ்பீட் போட், கரையிலிருந்து குகைக்குச் சுமார் ஒன்றரை கி.மீ. நடை. திரும்பவும் கான்வாய். பெரியவங்களே சோர்ந்து வரும் பயணம் இது. முழங்கால் வலிக்காரருக்கும் கைக்குழந்தைக்கும் வேண்டவே வேண்டாம்.

நாலாம் நாளும் அப்படித்தான். எலிஃபண்ட் பீச்சுக்கு ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து (படகுத் துறை) திறந்த ஸ்பீட் போட், தண்ணீர் முகத்தில் அடிக்கும், இறங்குவது முழங்கால் ஆழத்தில். நனைஞ்ச துணியும் உப்பு ஒட்டிய உடம்புமா அறைக்குத் திரும்பி, குளிப்பாட்டி, மூட்டை கட்டி, அடுத்த போட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஜெட்டியில் நிக்கணும். பல விடுதிகளில் காலை 8-9 மணிக்கே அறையைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. அப்போ குளிப்பாட்டுவது எங்கே? இந்தக் கேள்வியை ஏஜென்டிடம் கேட்டுப் பாருங்க.

சின்னப் பிள்ளைகளோடு தீவுப் பயணத்தில் எத்தனை இடம் பார்த்தோம்ங்கறது கணக்கே இல்லை. எத்தனை தடவை மூட்டை கட்டினோம்ங்கறதுதான் கணக்கு. உங்க திட்டத்தில் போட் மட்டும் மூணு, அறை மாறுவது மூணு தடவை. ஒரே தீவில் மூணு இரவு தங்குங்க.

விமானம்: காவேரிப்பட்டணத்திலிருந்து பெங்களூரு விமான நிலையம் சுமார் 140 கி.மீ., சென்னை 260-க்குப் பக்கம். தூரத்தில் பெங்களூரு குறைவுதான். ஆனா விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கு. நாம வருவது தெற்கிலிருந்து. காலை 8 மணிக்கு எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியா போனா நேரத்துக்கு உத்தரவாதம் கிடையாது. அத்திப்பள்ளியில் பிரிந்து சர்ஜாபுரம், ஹொஸ்கோட்டை வழியா தேவனஹள்ளி போனா ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை. போர்ட் பிளேயர் விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். அதனால் முந்தின மாலையே போய் விமான நிலையம் பக்கம் ஒரு இரவு தங்குவது நல்லது. நடு இரவில் பிள்ளைகளை எழுப்பிக் காரில் ஏத்தினா முதல் நாள் முழுக்க அழுகைதான்.

தருமபுரி, அரூர் பக்கம் இருந்து வாசிக்கறவங்களுக்கு: மொரப்பூரில் ரயில் ஏறி சென்னை போவதும் நல்ல வழி. பிள்ளைகள் படுத்துத் தூங்கிட்டு வரலாம். கிருஷ்ணகிரிக்குத்தான் இன்னும் ரயில் இல்லை.

பதிவு 3: பர்கூர்_டு_போர்ட்பிளேயர்

ஓசூர் அண்ணா சொன்னதில் மாத்த ஒண்ணுமில்லை. நான் இங்கேயே இருப்பதால் சில விஷயம் சேர்க்கிறேன்.

முதலில் சூரியன். ஹேவ்லாக்கும் தருமபுரியும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, ரெண்டும் 12 டிகிரி வடக்கு. ஆனா தருமபுரி 78 டிகிரி கிழக்கு, ஹேவ்லாக் 93. நடுவில் 15 டிகிரி. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம்னு கணக்கு வைங்க, முழுசா ஒரு மணி நேரம். கடிகாரம் ஒண்ணுதான், பொழுது மட்டும் இங்கே ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும். ஜனவரியில் மாலை ஐந்தேகால், ஐந்தரைக்குள் சூரியன் இறங்கிடும். ஊரில் வழக்கமா 4 மணிக்குப் பிள்ளைகளைத் தூங்கி எழுப்பி வெளியே கூட்டிப் போறவங்க அதையே இங்கே செஞ்சா, கடற்கரை போய்ச் சேரும்போது வெளிச்சம் போயிருக்கும். கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்னாடியிருந்தே சாப்பாடு, தூக்கம் எல்லாத்தையும் தினம் 15 நிமிடம் முன்னுக்குத் தள்ளிட்டு வாங்க. இங்கே வந்ததும் காலை 6 முதல் 9 வரை கடல், அப்புறம் அறை, மறுபடி மதியம் 3 முதல் 5 வரை கடல். நடுவில் இருக்கும் வெயில் பிள்ளைகளுக்கு ஆகாது.

ரெண்டாவது ஓதம். கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை வற்றும். நேரம் தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் சுமார் 2 மீட்டர் வரும். ஹேவ்லாக்கின் கிழக்குக் கரை (விஜயநகர், காலாபத்தர்) வற்றும்போது பவளப் பாறையும் கல்லுமா வெளியே தெரியும், குழந்தை கால் வைக்க முடியாது. அதே இடம் ஓதம் ஏறினா ஆழமில்லாத நல்ல தண்ணீர். ராதாநகர் மேற்குக் கரை, முழுக்க மணல், எந்த நேரமும் இறங்கலாம். ஆனா அலை உண்டு. விடுதி வாசலில் கடல்னு விளம்பரத்தைப் பார்த்து எடுக்கும் முன், நீங்க தங்கும் நாட்களில் காலை 6-9 மணிக்கு ஓதம் எப்படின்னு கேளுங்க. ஓத அட்டவணை முன்கூட்டியே கிடைக்கும், ஃபோன் செயலிகளிலும் இருக்கு.

பெயர்க் குழப்பம் வேண்டாம்: டிக்கெட்டில் போர்ட் பிளேயர் இப்போ ஸ்ரீ விஜய புரம், ஹேவ்லாக் ஸ்வராஜ் துவீப், நீல் ஷஹீத் துவீப். தப்பான ஊருக்கு டிக்கெட் போட்டுட்டோமோன்னு பதறாதீங்க. இந்த இடங்களுக்கு இந்தியர்கள் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை, அடையாள அட்டை போதும். அசலே எடுத்துட்டு வாங்க.

பதிவு 4: ராயக்கோட்டை_வாசகி

நான் கொஞ்சம் மாறுபடறேன். ஒரே தீவுன்னா அது ஏன் ஹேவ்லாக்? நீல் தானே பிள்ளைகளுக்கு ஏத்தது? ஊர் சின்னது, சமதரை, எங்கே போனாலும் ஆட்டோவில் சில நிமிடம். பரத்பூர் கடற்கரை ஜெட்டிக்குப் பக்கத்திலேயே, அலை குறைவு, ஆழம் குறைவு. கண்ணாடி அடித்தளப் படகில் உட்கார்ந்தபடியே பவளமும் மீனும் பார்க்கலாம். மாமியார் தண்ணீரில் கால் வைக்காமலேயே பார்த்துடுவாங்க. ஹேவ்லாக்கில் ராதாநகர் போக ஜெட்டியிலிருந்து 10-12 கி.மீ., ஒவ்வொரு தடவையும் வண்டி பிடிக்கணும்.

பதிவு 5: பர்கூர்_டு_போர்ட்பிளேயர்

ராயக்கோட்டை அக்கா சொல்வதில் நியாயம் இருக்கு. பரத்பூரைப் போல ஆழமில்லாத தண்ணீர் ஹேவ்லாக்கில் எல்லா நேரமும் கிடைக்காது. ஆனா பரத்பூரும் ஓதம் வற்றினா செத்த பவளக் கல்லா நிற்கும். செருப்பில்லாம இறங்க முடியாது. நீலின் இயற்கைப் பாலத்துக்கு ஓதம் வற்றிய நேரத்தில் மட்டும்தான் போகலாம், அதுவும் வழுக்குப் பாறை மேலே. அது உங்க குழுவுக்கு இல்லை.

நான் ஹேவ்லாக் சொல்வதுக்குக் காரணம் வேற. போட் எண்ணிக்கை அங்கேதான் அதிகம். நடுராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, மறுநாள் காலை போர்ட் பிளேயரில் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போகணும்னா அடுத்த போட் எப்போங்கறது முக்கியம். கடையும் மருந்தும் ஹேவ்லாக்கில்தான் கூட. உடம்பில் தொல்லை ஏதும் இல்லாத பிள்ளைகள், அமைதி வேணும்னா நீல். ரெண்டும் வேணும்னு மட்டும் ஆசைப்படாதீங்க.

பதிவு 6: அரூர்_செவிலி

மருந்து கேட்டீங்க. டாக்டரிடம் போய் ரெண்டு பிள்ளைகளையும் எடை பார்த்து, எந்த மருந்து எத்தனை மில்லின்னு தாளில் எழுதி வாங்கிடுங்க. தீவில் போய் மனக்கணக்குப் போடக்கூடாது.

பாராசிட்டமால் ஒரு வேளைக்கு எடை கிலோவுக்கு 15 மி.கி. வரை, 6 மணி நேர இடைவெளி. தப்பு நடப்பது பாட்டிலில்தான். 5 மில்லியில் 120 மி.கி. இருக்கும் சிரப்பும் உண்டு, 250 மி.கி. இருக்கும் சிரப்பும் உண்டு. 12 கிலோ குழந்தைக்கு 180 மி.கி. வேணும். 250 சிரப்பில் அது 3.6 மில்லி. 120 சிரப்பில் 7.5 மில்லி. வீட்டில் ஒண்ணு பழகி, கடையில் அவசரத்துக்கு இன்னொண்ணு வாங்கினா பாதி டோஸோ இரட்டை டோஸோ போயிடும். வீட்டில் பழகிய அதே பாட்டில், அதே அளவுச் சிரிஞ்ச் ரெண்டையும் கொண்டு போங்க.

போட் குமட்டல்: 2 வயதுக்குக் கீழ் குழந்தைகளுக்கு இது அரிது. மகனுக்கு மாத்திரையே வேண்டாம். அவோமின் மாத்திரையில் இருப்பது ப்ரோமெத்தசின். அதை 2 வயதுக்குள் கொடுக்கவே கூடாது, மூச்சு மந்தமாகும் ஆபத்து உண்டு. மகளுக்கு டாக்டர் சொன்ன அளவில், போட் ஏறும் முன்னாடியே கொடுக்கணும். வாந்தி தொடங்கின பிறகு கொடுத்துப் பலனில்லை. ஊரிலேயே ஒரு விடுமுறை நாளில் ஒரு தடவை கொடுத்துப் பாருங்க. சில பிள்ளைகளுக்கு இதில் தூக்கம் வராது, மாறா துள்ளல் வரும். காலையில் ரெண்டு இட்லி போதும், பால் வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது. தனியார் போட்டுகள் பெரும்பாலும் மூடிய ஏசி அறை மாதிரி. கீழ்த்தளத்தில் நடுவிலோ பின்பக்கமோ ஜன்னல் ஓரம் உட்கார வைத்து தூரத்தில் அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்க. ஃபோனில் படம் காட்டினா குமட்டல் உடனே வரும். மெல்லிய ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

வயிற்றுப்போக்கு: ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒண்ணுக்குச் சரியா 1 லிட்டர் தண்ணீர். பாதி டம்ளரில் பாதி பாக்கெட்டுன்னு கண்ணளவில் கலக்கினா உப்பு கூடிடும், அது குழந்தைக்குக் கெடுதல். அளவு தெரிஞ்ச ஒரு லிட்டர் பாட்டில் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு தடவை போன பிறகும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதுக்கு மேல் 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியா. வாந்தி எடுத்தா 10 நிமிடம் விட்டு மறுபடி மெதுவா. துத்தநாகச் சிரப் டாக்டரிடம் எழுதி வாங்கி வைங்க. அழும்போது கண்ணீர் வரலைன்னா, 6 மணி நேரமா சிறுநீர் இல்லைன்னா உடனே சுகாதார நிலையம்.

விமானம் இறங்கத் தொடங்கும்போது காது அடைக்கும். சக்கரம் தரை தொடும் நேரத்துக்கு அரை மணி முன்னாடியே குழந்தையை எழுப்பித் தாய்ப்பாலோ தண்ணீரோ உறிஞ்சக் கொடுங்க. சளி இருந்தா உப்பு நீர்ச் சொட்டு மருந்தை அதுக்கும் 10 நிமிடம் முன்னாடி மூக்கில் விடணும்.

பதிவு 7: காவேரிப்பட்டணம்_அம்மா

ரொம்ப நன்றிங்க. பாராடாங் வேண்டாம்னு முடிவாச்சு. ஹேவ்லாக் மூணு இரவுன்னு வச்சுக்கறோம். தண்ணீரில் இறக்குவது பற்றித்தான் பயம். காற்று ஊதும் கைப்பட்டை ரெண்டு ஜோடி வாங்கி வச்சிருக்கேன், போதுமா? சாப்பாடும் சொல்லுங்க, மகன் ராகிக் கூழ் இல்லாம இருக்க மாட்டான்.

பதிவு 8: பென்னாகரம்_பரிசல்

கைப்பட்டை உயிர் காக்கும் சாமான் இல்லைம்மா. ஒண்ணு கழன்றாலோ காற்று இறங்கினாலோ குழந்தை ஒருபக்கமா கவிழும். எடைக்கு ஏத்த லைஃப் ஜாக்கெட் வாங்குங்க. கால்களுக்கு நடுவே வரும் பட்டை கட்டாயம் இருக்கணும். சரியான அளவான்னு பார்க்க ஒரே வழி: போட்டுப் பட்டைகளை இறுக்கி, தோள் பக்கம் ரெண்டு கையால் பிடிச்சு மேலே தூக்குங்க. ஜாக்கெட் காது வரை ஏறினா பெரிசு. ஒகேனக்கல் பரிசல் துறையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவங்க ஜாக்கெட்டை மாட்டி விட்டா என்ன ஆகும்னு எல்லாரும் பார்த்திருப்பீங்க. தலைக்கு மேலே ஏறி நிற்கும், தண்ணீரில் விழுந்தா ஆள் அடியில் நழுவிப் போயிடும். கடலிலும் அதேதான். அங்கே வாடகைக்குச் சின்ன அளவு கிடைக்கும்னு நம்பிப் போகாம கையோட கொண்டு போங்க. கிளம்பும் முன்னாடி ஓசூரிலோ பெங்களூரிலோ நீச்சல் குளத்தில் ஒரு நாள் போட்டு மிதக்க விட்டுப் பழக்குங்க. புது ஜாக்கெட்டும் புதுக் கடலும் ஒரே நாளில் வந்தா பிள்ளை மிரளும்.

ஆத்துப் பக்கம் வளர்ந்தவங்க கடலில் செய்யும் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. ஆத்தில் இழுப்பு ஒரே திசை, கண்ணுக்குத் தெரியும். கடலில் அலை கரைக்கு வந்துட்டு, திரும்பும்போது ஒரு இடமாச் சேர்ந்து உள்ளே இழுக்கும். அந்த இடத்தில் அலை உடையாம, தண்ணீர் அமைதியா, கொஞ்சம் கருத்துத் தெரியும். குழந்தைக்கு அமைதியான இடம்னு அங்கேதான் கூட்டிப் போவாங்க. அது இழுப்பு ஓடும் இடம், அங்கே இறக்காதீங்க. பெரியவங்க யாராவது மாட்டினா கரையை நோக்கி எதிர்த்து நீந்தாம, கரைக்கு இணையா பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து அப்புறம் கரைக்குத் திரும்பணும்.

மகனுக்கு ஆழக் கணக்கு அவன் முழங்கால், உங்க முழங்கால் இல்லை. ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரம், கையில் ஃபோன் இருக்கக்கூடாது. படம் எடுக்கறவர் தனி ஆள். முதல் நாள் தண்ணீரில் இறக்கவே வேண்டாம். ஈர மணலில் குழி தோண்ட விடுங்க, அலை தானா வந்து காலைத் தொடட்டும்.

பதிவு 9: பர்கூர்_டு_போர்ட்பிளேயர்

பரிசல் அண்ணா சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் கால் நனைக்கவும் வேண்டாம். ராதாநகரை ஒட்டிய நீல்ஸ் கோவ் பக்கம் 2010-ல் உவர்நீர் முதலை தாக்கி ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார். ஓடை கடலில் சேரும் இடம், அலையாத்திக் காடு ஓரம் ரெண்டும் ஆபத்து. உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியிலேயே இருங்க, அவர் ஊதினா உடனே வெளியே வந்துடுங்க.

மணல் ஈ பற்றி ஏஜென்ட் சொல்ல மாட்டார். கண்ணுக்கே தெரியாது, ஈர மணலில் விடியலிலும் அந்தியிலும் கடிக்கும். அப்போ ஒண்ணும் தெரியாது, மறுநாள் சிவந்து தடிச்சு, பிள்ளை சொறிஞ்சு புண்ணாக்கிடும். வெறும் மணலில் உட்கார வைக்காம தடிமனான விரிப்புப் போடுங்க. முழுக்கை நீச்சல் சட்டை, கணுக்கால் வரை பேன்ட். திறந்திருக்கும் பாதத்தில் தேங்காய் எண்ணெயைக் கெட்டியாத் தடவினா ஈ ஒட்டுவது குறையும். கடிச்ச இடத்தில் கேலமைன் லோஷன், நகத்தை ஒட்ட வெட்டி விடுங்க.

கடற்கரையில் மகள் சங்கு, சிப்பி, பவளத் துண்டு பொறுக்குவாள். கையில் வச்சுப் பார்த்துட்டு அங்கேயே போட்டுடச் சொல்லுங்க. பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணை ஒன்றில் இருக்கு. விமான நிலைய ஸ்கேனில் பெட்டியைத் திறக்க வைப்பாங்க.

பதிவு 10: ராயக்கோட்டை_வாசகி

சாப்பாட்டுக்கு வரேன். போர்ட் பிளேயரில் தமிழர்கள் நிறைய. அபர்தீன் பஜார் பக்கம் இட்லி, தோசை, சாம்பார் சாதத்துக்குக் குறையில்லை. கவலை ஹேவ்லாக்கில்தான். விடுதிகளில் காரம் தூக்கலா இருக்கும், குழந்தைக்குன்னு கேட்டா தயிர் சாதம், பருப்பு சாதம் தனியாச் செய்து தருவாங்க, முந்தின ராத்திரியே சொல்லி வைக்கணும்.

ராகிக் கூழில் ஒரு சிக்கல் இருக்கு. அறையில் மின் கெட்டில்தான் கிடைக்கும். அதில் ராகி மாவைப் போட்டுக் கொதிக்க விட்டா அடியில் ஒட்டி, சூடாகும் தட்டு கருகி, கெட்டில் தானா அணைஞ்சிடும். வெந்நீரை மட்டும் ஊற்றிக் கலக்கினா மாவு வேகாது, வயிறு வலிக்கும். வறுத்த மாவும் முளைகட்டிய மாவும்கூடக் கொதிக்கணும். அதனால் ராகியை விடுதிச் சமையலறையில் கொடுத்துக் காய்ச்சி வாங்குங்க. ஒரு வேளைக்கு 2 தேக்கரண்டி மாவு, 200 மில்லி தண்ணீரில் கட்டியில்லாம கரைச்சு, சின்னத் தீயில் 7-8 நிமிடம். வேளைக்கு ஒண்ணா சின்னப் பாக்கெட்டுகளாக் கட்டி எடுத்துட்டுப் போனா அளவு சொல்ல வேண்டியதில்லை. அறையிலேயே செய்ய அவல் நல்லது. அவல் ஏற்கெனவே வெந்த பண்டம். வறுத்துக் கொரகொரப்பா அரைச்ச பொடி 3 தேக்கரண்டி, கொதிநீர் 150 மில்லி, மூடி 10 நிமிடம். கூட வாழைப்பழம் பிசைஞ்சு கொடுக்கலாம். சீரகம், மிளகு, உப்பு சேர்த்த பருப்புப் பொடி ஒரு டப்பா, நெய் சின்ன பாட்டில், அவ்வளவுதான்.

இதுவரை நண்டு, இறால் சாப்பிடாத பிள்ளைக்கு அங்கே போய் முதல் தடவையாக் கொடுக்காதீங்க. ஒவ்வாமை வந்தா தீவில் தவிப்பீங்க. இளநீர் எங்கேயும் கிடைக்கும், தாராளமாக் கொடுங்க. நம்ம ஊர் காய்ந்த காற்று, அங்கே புழுக்கம். வியர்வை காயாது, பிள்ளை கேக்கலைன்னாலும் தண்ணீர் கொடுத்துட்டே இருக்கணும்.

டயபர்: ஒரு நாளைக்கு 6 வீதம் 6 நாளுக்கு 36, கூட 8. கடலில் சாதா டயபர் உப்பு நீரைக் குடிச்சு ஒரு கிலோ கனத்தில் தொங்கும். நீச்சல் டயபர் தனியா வாங்குங்க. அது சிறுநீரைத் தேக்காது, மலத்தை மட்டும்தான் தாங்கும். காரில் அதைப் போட்டு உட்கார வைக்காதீங்க.

பதிவு 11: பாலக்கோடு_ரயில்

குறுக்கே பேசறதுக்கு மன்னிக்கணும். கடலே பார்க்காத பிள்ளைக்கு முதல் தீவா ராமேஸ்வரம் போதாதா? தருமபுரியிலிருந்து சேலம், மதுரை வழி சுமார் 470 கி.மீ., விமானச் செலவு இல்லை, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் ரயிலிலேயே கடலைக் கடக்கலாம். வழியில் உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரை பாக் நீரிணைப் பக்கம் இருப்பதால் அலை குறைவு. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் மட்டும் குளிக்கக் கூடாது, பார்த்துட்டு வந்துடணும். லட்சத்தீவையும் யோசிக்கலாமே, அங்கே காயல் தண்ணீர் இதைவிட அமைதியாச்சே.

பதிவு 12: ஓசூர்_பயணி

லட்சத்தீவுக் காயல் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே நல்லது தம்பி. ஆனா இந்தியருக்கும் முன்அனுமதி வேணும். கொச்சியிலிருந்து கப்பலில் போனா சில தீவுகளில் நடுக்கடலில் சின்னப் படகுக்கு மாறி இறங்கணும். முழங்கால் வலியோடு அது நடக்காது. ராமேஸ்வரம் யோசனை எனக்குப் பிடிச்சிருக்கு. பட்ஜெட் இடிச்சா, மகனுக்கு 3 வயது ஆகட்டும்னு நினைச்சா அதுதான் சரி. இவங்க டிக்கெட் போடும் நிலைக்கு வந்துட்டாங்க, அதனால் அந்தமானையே செம்மைப்படுத்துவோம்.

மாதம் பற்றி மத்தவங்களுக்காக: ஜனவரி கடைசி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. நம்ம பள்ளி அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வரும். அப்போ கூட்டமும் விலையும் உச்சம், வடகிழக்குப் பருவக்காற்றும் முழுசா ஓய்ந்திருக்காது. மே மாதம் மூணாவது வாரத்துக்கு மேல் தென்மேற்குப் பருவமழை முதலில் அந்தமானைத்தான் தொடும், போட் ரத்தாகும். கோடை விடுமுறைன்னா தேர்வு முடிஞ்ச கையோடு ஏப்ரல் கடைசியிலேயே போயிடுங்க.

பதிவு 13: காவேரிப்பட்டணம்_அம்மா

மாத்தி எழுதியிருக்கேன், பாருங்க.

நாள் 0: மாலை கிளம்பி பெங்களூரு விமான நிலையம் பக்கம் தங்கல்
நாள் 1: காலை விமானம், மதியம் போட்டில் நேரா ஹேவ்லாக்
நாள் 2, 3, 4: ஹேவ்லாக்
நாள் 5: மதியம் போட், போர்ட் பிளேயர், செல்லுலார் ஜெயில், ஒலி ஒளிக் காட்சி
நாள் 6: காலை விமானம்

ஒரு இரவு கூடுதலா ஹேவ்லாக்கில் கிடைக்குது. சரியா?

பதிவு 14: பர்கூர்_டு_போர்ட்பிளேயர்

ரெண்டு இடத்தில் மாத்தணும் அக்கா.

முதல் நாளே போட் வேண்டாம். விமானம் ஒரு மணி நேரம் தாமதமானா கடைசித் தனியார் போட் போயிடும், அந்த டிக்கெட் காசும் போகும். முதல் இரவு போர்ட் பிளேயரில் தூங்கி, மறுநாள் காலை போட் ஏறுங்க. காலையில் காற்று குறைவு, ஆட்டமும் குறைவு. தனியார் போட் ஹட்டோ துறையிலிருந்து கிளம்பும், ஒன்றரை மணி நேரம். அரசு போட் ஃபீனிக்ஸ் பே ஜெட்டி, ரெண்டு, ரெண்டரை மணி. ரெண்டு துறையும் வேற வேற, ஆட்டோக்காரரிடம் பேரைத் தெளிவாச் சொல்லுங்க.

ஐந்தாம் நாள் மதிய போட்டைக் காலை போட்டா மாத்துங்க. கடல் கெட்டு காலை போட் ரத்தானா மதியம் இன்னொண்ணு பிடிக்க வாய்ப்பு இருக்கும். மதிய போட் ரத்தானா மறுநாள் விமானத்தை விட்டுடுவீங்க. கடைசி இரவு எப்பவுமே போர்ட் பிளேயரில் இருக்கணும்ங்கறது இங்கே எல்லாரும் பின்பற்றும் விதி.

ஒலி ஒளிக் காட்சியை விட்டுடுங்க. இருட்டில், கொசுக்கடியில், புரியாத மொழியில் 5 வயதுப் பிள்ளை உட்காராது. செல்லுலார் ஜெயிலைப் பகலில் பாருங்க, மாமியார் கீழ்த்தளத்தோட நின்னுக்கலாம், மேலே எல்லாம் படி. அதுக்குப் பதிலா அன்று மதியம் ராஸ் தீவு போங்க. அபர்தீன் ஜெட்டியிலிருந்து கால் மணி நேரப் படகு. மான்கள் பக்கத்திலேயே மேயும், நடக்க முடியாதவங்களுக்குப் பேட்டரி வண்டி உண்டு.

பதிவு 15: ஓசூர்_பயணி

முன்பதிவு வரிசை: முதலில் விமானம், ரெண்டாவது போட், மூணாவதுதான் அறை. அறையை முதலில் போட்டுட்டு போட் நேரத்துக்கு அல்லாடறவங்கதான் அதிகம். போட்டில் 2 வயதுக்குள் குழந்தைக்கும் பேர் போட்ட டிக்கெட் எடுக்கணும், இல்லைன்னா ஏத்த மாட்டாங்க. விமானத்தில் மகன் மடியில்தான். பிறப்புச் சான்றிதழ் அசல் கையில் இருக்கட்டும். 2 வயது முடிவது போகும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் நடுவில் வந்தா, திரும்பும்போது தனி இருக்கை வாங்கணும். உங்களுக்கு 20 மாதம்தான், சிக்கல் இல்லை.

பவர் பேங்க் கைப்பையில், பெட்டியில் வேண்டாம். ஒரு நாள் மாற்றுத் துணி, மருந்து, 8 டயபர் இதெல்லாமும் கைப்பையிலேயே. ஹேவ்லாக்கில் ஏ.டி.எம். குறைவு, சிக்னலும் சில சமயம் போகும். மூணு நாள் ஆட்டோ, சாப்பாட்டுக்கு ரொக்கம் போர்ட் பிளேயரிலேயே எடுத்துடுங்க.

பதிவு 16: காவேரிப்பட்டணம்_அம்மா

நாள் 1-ம் நாள் 5-ம் மாத்திட்டேன். விமான டிக்கெட் இன்னிக்கே போடறோம். போட்டில் மேல்தளம் எடுக்கவா, கீழ்த்தளமா? மேல்தளம் கொஞ்சம் விலை கூட.

பதிவு 17: அரூர்_செவிலி

கீழ்த்தளம். மேலே போகப் போக ஆட்டம் கூடும், மாமியாருக்குப் படியும் மிச்சம். கழிப்பறைக்குப் பக்கத்து வரிசை வேண்டாம், அந்த வாடையே மகளுக்கு வாந்தி வர வைக்கும். நடு வரிசை ஜன்னல் பக்கம் மூணு இருக்கை சேர்ந்தாப்போல கேளுங்க.